உண்ணாத உப்பு

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. நன்றியறிதலுக்கு இதனினும் சிறந்த இலக்கணம் இல்லை. ஆயின், கண்டதைக் கண்டவாறு உரைக்கக் கடமைப்பட்டவனுக்கு இதனினும் கொடிய கண்ணியும் இல்லை. விருந்தளித்தவரின் உப்பு நாவில் கரைந்த பின், அவரை நோக்கும் கண் நடுநிலை பிறழாதிருக்குமா?

இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்தவர் பில் கன்னிங்காம் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 1929-இல் பாஸ்டன் நகரில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 2016-இல் நியூயார்க்கில் மறைந்தவர். 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் அவர் இரு பத்திகளைப் படைத்தளித்தார். ஒன்று தெருவில் நடப்போரின் உடையழகைக் காட்டியது. மற்றொன்று, அந்நகரத்துப் பெருஞ்செல்வர் கூடும் அறக்கொடை விருந்துகளைக் காட்டியது.

அவ்விருந்துகளில் அவர் ஒரு கவளமும் உண்டதில்லை. ஒரு குவளைத் தண்ணீரும் பெற்றதில்லை. எவ்விருந்துக்குச் செல்வது என்பதை வருவோரின் பெயர்ப்பட்டியலைக் கொண்டன்று, நிதி சேரும் அறப்பணியைக் கொண்டே முடிவு செய்வதாகக் கூறினார். 1982-இல் தொடங்கப்பெற்ற 'டீடெயில்ஸ்' என்னும் இதழுக்குப் பக்கம் பக்கமாகப் படங்கள் தந்தும், அனுப்பிய காசோலைகளைக் கிழித்தெறிந்தார். பணம் வாங்காதவனுக்கு எவரும் ஆணையிட இயலாது என்பதே அவர் சொன்ன காரணம்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி 2010-இல் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. கார்னகி அரங்கக் கட்டடத்தில், சமையலறையும் தனிக் குளியலறையும் அற்ற சிற்றறை, படச்சுருள்கள் நிறைந்த இரும்பு அலமாரிகளுக்கு நடுவே ஒரு குறுங்கட்டில், பாரிஸ் தொழிலாளர் அணியும் நீல மேற்சட்டை, ஒரு மிதிவண்டி. இவற்றைக் கண்டோர், "என்னே எளிமை! இவர் ஒரு புனிதர்" என்று வியந்தனர்.

இப்புகழுரையை நான் மறுக்கிறேன். ஒருவரைப் புனிதர் என்று பீடத்தில் ஏற்றிவிட்டால், அவரைப் பின்பற்றும் பொறுப்பு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது அல்லவா? கன்னிங்காம் தேடியது வறுமையை அன்று, விடுதலையை. அரசனின் பந்தியை மறுத்த தானியேல் உணவை வெறுத்தவர் அல்லர். அவ்வுணவோடு வரும் உரிமைக்கோரிக்கையை அறிந்திருந்தார். கன்னிங்காமின் பட்டினியும் அத்தகையதே. அதனைத் தனிமனித விந்தை என்று ஒதுக்குவோர், தங்கள் பந்தியை விட்டெழ விரும்பாதவர்களே.

அந்த விடுதலை கொடுத்த பயன் என்ன? புகழ்பெற்ற நடிகையர் எதிரே வந்தாலும், இலவசமாகப் பெற்ற ஆடையில் வந்தால், அவருடைய கேமரா உயரவில்லை. 1978-இல் தெருவில் சென்ற ஒரு பெண்ணின் மேலங்கி வெட்டப்பட்டிருந்த அழகைப் படமெடுத்தார். அவர் கிரேட்டா கார்போ என்பது பின்னரே தெரிந்தது. முன்னொரு காலத்தில், சாதாரணப் பெண்களின் உடையைத் தாம் போற்றி எழுதியதை 'விமன்ஸ் வேர் டெய்லி' ஏளனமாக மாற்றி வெளியிட்டபோது, அவ்விதழை விட்டே விலகினார். உயர்ந்தோர் முன் வளையாத முதுகே எளியோரைப் பழித்தலையும் மறுக்கும்.

"செல்வரின் கேளிக்கையைப் படமெடுத்தவர்தாமே? அச்செல்வம் எவ்வாறு வந்தது என அவர் கேட்டாரா?" என்று சிலர் வினவலாம். நேரிய வினாவே. அவருடைய பக்கங்கள் அதனைக் கேட்கவில்லை. எனினும் கேட்கும் தகுதியை அவர் விற்றுவிடவில்லை. உண்டு, உறையில் வைத்த பணமும் பெற்று வீடு திரும்பும் செய்தியாளனுக்கு அத்தகுதி எஞ்சியிருக்கிறதா?

ஞாயிறுதோறும் அவர் திருப்பலிக்குச் சென்றார். அதுபற்றி அந்த ஆவணப்படத்தில் வினவப்பட்டபோது, தலைகவிழ்ந்து நெடுநேரம் மௌனமாயிருந்தார். பிறகு, வாழ்வுக்கு அது நல்ல வழிகாட்டி, தமக்கு அது தேவை என்னும் பொருள்படச் சில சொற்களே உரைத்தார். அந்த மௌனத்தையும் நாம் பீடத்தில் ஏற்ற வேண்டியதில்லை.

விருந்தோம்பல் நல்லறம், அழைத்தவர் வீட்டில் உண்பதும் நன்றே. ஆனால் எழுதுகோலோடும் கேமராவோடும் அழைக்கப்படுகிறவன், தன் வீட்டிலேயே உண்டுவிட்டுப் போகட்டும்.