ஒளி எல்லோருக்கும், புள்ளி யாருக்கு?

2023 அக்டோபர் 4ஆம் தேதி வேதியியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே, தவறிப் போன ஒரு மின்னஞ்சலால் பரிசு பெறுவோரின் பெயர்கள் ஸ்வீடன் பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிட்டன. ஊடகங்களுக்குச் சுவையான செய்தி. மிஞ்சிய இடத்தில், மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்ஸி எகிமோவ் ஆகிய மூவரும் கண்டு வளர்த்த குவாண்டம் புள்ளிகள் தொலைக்காட்சித் திரைக்கு நல்ல நிறம் தருகின்றன என்று எழுதினார்கள். உண்மைதான். ஆனால் இப்புள்ளிகள் ஒளியை உமிழ்வதோடு நிற்பவை அல்ல; ஒளியை வாங்கி வேலை செய்யவும் வல்லவை. அதிகம் பேசப்படாத இந்த இரண்டாவது குணத்தைப் பற்றியும், அதைச் சுற்றியுள்ள அரசியலைப் பற்றியும் இங்கே பார்க்கலாம்.

குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவேயுள்ள குறைக்கடத்திப் படிகத் துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். காட்மியம் செலினைடு என்ற ஒரே பொருள், துகள் சிறிதாக இருந்தால் நீலமாகவும் பெரிதாக இருந்தால் சிவப்பாகவும் ஒளிரும். பாலிமர் என்பதோ சிறு மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. மலிவானது, வளைந்து கொடுப்பது, மை போல் பூசத்தக்கது. புள்ளியையும் இழையையும் சேர்த்தால் சுருட்டி வைக்கும் திரை, துணி போன்ற சூரியக் கலம் என்று பல கனவுகளுக்கு வழி பிறக்கும்.

சிக்கல் என்னவென்றால், இரண்டையும் சும்மா கலந்தால் ஒட்டுவதில்லை. கொதிநீரில் ரவையை ஒரேயடியாகக் கொட்டியதுபோல் புள்ளிகள் தங்களுக்குள் கட்டி தட்டிப்போகும். கட்டி தட்டிய இடத்தில் ஒளிர்வு மங்கும். பொருளின் சீர்மையும் கெடும்.

இழையைத் தனியே செய்து கலப்பதற்குப் பதில், புள்ளி இருக்கும் இடத்திலேயே இழையை வளர்த்தால் என்ன? ஹூஸ்டன் நகரின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் எய்லாஃப் எகாப் தலைமையிலான குழு 2018இல் இந்தத் திசையில் ஒரு நல்ல அடி எடுத்து வைத்தது. காட்மியம் செலினைடு புள்ளிகளையே வினையூக்கியாக்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில், அக்ரிலிக் கண்ணாடியின் மூலப்பொருளான மெத்தில் மெதக்ரிலேட்டைப் பாலிமராக்கியது. ஒளி பட்டதும் புள்ளியில் ஒரு எலக்ட்ரான் கிளர்ச்சியடைந்து, அருகிலுள்ள துவக்கி மூலக்கூறுக்குத் தாவுகிறது. அங்கே பிறக்கும் துடிப்பான முனை, மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போகிறது. விளக்கை அணைத்தால் முனை தூங்கிவிடும். மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். துவக்கியைப் புள்ளியின் மேற்பரப்பிலேயே கட்டிவைத்தால் இழை அங்கிருந்தே முளைக்கும். நம் வாசல் புள்ளிக் கோலம் நினைவுக்கு வருகிறதா? இங்கே கோலம் போடும் விரல், ஒளி.

இதே வேலைக்கு இரிடியம், ரூத்தேனியம் போன்ற அரிய உலோகங்களின் கூட்டுப்பொருட்கள் முன்பே பயன்பட்டன. புள்ளியின் சிறப்பு, வேலைக்காரனும் அதுவே, வீட்டின் செங்கல்லும் அதுவே என்பதுதான். வினை முடிந்ததும் அதைப் பொருளுக்குள்ளேயே விட்டுவைக்கலாம். குறைகளும் உண்டு. நிறமுள்ள கரைசலுக்குள் ஒளி ஆழமாகப் போகாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைக் கெடுக்கும். ஆய்வுக்கூடக் குப்பியிலிருந்து தொழிற்சாலைத் தொட்டிக்குப் போக இந்த இரண்டையும் தாண்டியாக வேண்டும்.

1912இல் நியூயார்க்கில் பேசிய இத்தாலிய வேதியியலாளர் ஜியாகோமோ சியாமிச்சியான், நிலக்கரிப் புகைக்குப் பதில் சூரிய ஒளியால் தொழில் நடக்கும் காலத்தைக் கனவு கண்டார். மேற்சொன்ன ஆய்வுகள் அக்கனவின் வாரிசுகள். வெயில் நிறைந்த ஏழை நாடுகளுக்கு இது வாய்ப்பு என்று நாம் மகிழத் தோன்றும். ஆனால் ஒளி இலவசம் என்பதால் புள்ளியும் இலவசமாகிவிடாது.

காட்மியம் நஞ்சு. ஜப்பானின் ஜின்சூ ஆற்றங்கரையில் அது சோற்றோடு உடலுக்குள் போய் எலும்புகளை நொறுக்கியது. வலி தாங்காமல் மக்கள் அலறிய சொல்லே, 'இதாய் இதாய்' என்று நோயின் பெயராயிற்று. ஜப்பான் அரசு 1968இல் அதைச் சூழல் மாசினால் வந்த நோயாக ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006 முதல் மின்னணுப் பொருட்களில் காட்மியத்தின் வரம்பு 0.01 சதவீதம். திரைகளுக்கான விலக்கை நீட்டிக்கும் யோசனையை 2015 மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றம் நிராகரித்தது. அதே ஆண்டு சாம்சங் காட்மியம் இல்லாத புள்ளிகளுடன் தொலைக்காட்சிகளை விற்கத் தொடங்கியது. அவற்றின் உயிர், இண்டியம் பாஸ்பைடு.

நஞ்சிலிருந்து தப்பித்தாயிற்று, அரசியலிலிருந்து தப்பவில்லை. சுத்திகரித்த இண்டியத்தின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அமெரிக்காவுடனான வரிச் சண்டையின் நடுவே, 2025 பிப்ரவரியில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு அறிவித்த பொருட்களின் பட்டியலில் இண்டியம் பாஸ்பைடும் இருந்தது. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. காட்மியமும் சரி, இண்டியமும் சரி, முக்கியமாகத் துத்தநாகம் பிரிக்கும்போது கிடைக்கும் உபபொருட்களே. ஜின்சூ ஆற்றை நஞ்சாக்கியதும் கமியோக்கா துத்தநாகச் சுரங்கம்தான். இண்டியத்துக்குக் கிராக்கி கூடியதென்று யாரும் புதுச் சுரங்கம் வெட்டிவிட முடியாது. துத்தநாகச் சந்தை மனது வைக்கவேண்டும்.

பாலிமர் பக்கமாவது பத்திரமா என்றால், அதுவும் இல்லை. காலனிக் காலக் கட்டாய உழைப்புக்கு ஜப்பானிய நிறுவனங்கள் நஷ்டஈடு தரவேண்டும் என்று தென்கொரிய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மூன்று பொருட்களைத் தென்கொரியாவுக்கு அனுப்புவதில் ஜப்பான் கெடுபிடி செய்தது. பாதுகாப்புதான் காரணம் என்றது ஜப்பான். பழிவாங்கல் என்றது கொரியா. அவற்றில் ஒன்று, சில்லு செய்ய உதவும் ஒளியுணர் பிசின். அதாவது, ஒளி பட்டால் குணம் மாறும் பாலிமர். கெடுபிடி நீங்க 2023 மார்ச் வரை ஆயிற்று. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காயம் ஒரு பிசின் குப்பியின் வழியே பேசியது.

ஆகவே புதிய நானோபொருள் பற்றிய அறிவிப்பைப் படிக்கும்போது, எவ்வளவு பிரகாசம், எவ்வளவு சிக்கனம் என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நல்லது: இதன் உலோகம் எந்தச் சுரங்கத்திலிருந்து, யாருடைய அனுமதியோடு வருகிறது? கரி, சிலிக்கன் போன்ற எங்கும் கிடைக்கும் தனிமங்களிலிருந்தும் புள்ளிகள் செய்கிறார்கள். ஒளிர்வின் தூய்மையில் அவை இன்னும் காட்மியத்துக்கு ஈடாகவில்லை. ஆனால் இழை வளர்க்கும் வேலைக்குத் திரைக்குரிய நிறத்தூய்மை தேவையில்லை. எலக்ட்ரானைக் கைமாற்றத் தெரிந்தால் போதும். வெயில் மட்டும் மிகுந்த நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் பணமும் நேரமும் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து.