ஆயராகப் போகும் தம்பி தங்கையருக்கு

பட்டப்படிப்பை முடித்துவிட்டு இறையியல் கல்லூரியில் சேரப்போவதாகச் சொல்லும் தம்பி தங்கையரை அவ்வப்போது சந்திக்கிறேன். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு உழைக்க வருவோர் இந்நாளில் எத்தனை பேர்? ஆனால் வாழ்த்துச் சொல்லி முடித்ததும் அவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தமிழில் எழுத்துக்கூட்டாமல் ஒரு பக்கம் வாசிப்பீர்களா?" பலர் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள்.

இக்கேள்வி எனக்கு விளையாட்டன்று. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனாலும் நாள்தோறும் திருமறையை வாய்விட்டு வாசிப்பார். அவர் மறைந்தபோது இறுதி ஆராதனை நடத்த ஓர் இளம் ஆயர் வந்தார். உரோமன் எழுத்தில் எழுதிவைத்திருந்த தமிழைக் கைப்பேசியில் பார்த்து வாசித்தார். லகரமும் ளகரமும் ழகரமும் ஒன்றாகிப் போயின. ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் சொல் கிடைக்காமல் ஆங்கிலத்துக்குத் தாவினார். பாட்டியோடு வெட்டுக்குப் போன கிழவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஆயர் நல்ல பிள்ளை. அவர் கண்ணில் நீர் இருந்தது. நாவில்தான் சொல் இல்லை.

இளையோருக்குத் தமிழ் புரிவதில்லை, காலத்துக்கேற்ப ஆங்கிலத்துக்கு மாறினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஆங்கில ஆராதனை நடத்தும் சபைகள் நம் நகரங்களில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. தமிழ்ச் சபை என்று ஒன்று தனியே நிற்பதற்கான காரணமே தமிழ்தான். அதையும் கழற்றிவிட்டால் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டுமே. மேலும், நோய்ப்படுக்கையிலும் சாவு வீட்டிலும் மனிதர்கள் தாய்மொழியில்தான் அழுகிறார்கள். அந்த மொழி தெரியாதவர் அங்கே விருந்தாளிதான்.

"இனிமேலா கற்பது?" என்று தயங்குவோர் இருவரை நினைத்துக்கொள்ளலாம். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் பழகினார். 1715இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. மற்றவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர்: சேவியர் தனிநாயகம் அடிகளார். இலங்கையில் பிறந்து, உரோமில் குருப்பட்டம் பெற்ற அவர், அதன் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழை முறையாகக் கற்றார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கி, 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். இருவரும் சமயப் பணிக்கென்று புறப்பட்ட பிறகே தமிழைக் கற்றார்கள். இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

மொழியோடு இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஏன் போகிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். அம்மா செய்த பொருத்தனைக்காகவோ, வேலை கிடைக்காததாலோ, மேடையும் மைக்கும் பிடித்திருப்பதாலோ போகாதீர்கள். உங்களைச் சிறுவயதிலிருந்து அறிந்த சபை மூத்தோரிடம் கருத்துக் கேளுங்கள். ஓரிரு ஆண்டு வேறு வேலை பார்த்துவிட்டுப் போனாலும் நட்டமில்லை. மாதக் கடைசியில் கையைப் பிசைந்து பார்த்தவருக்குத்தான் சபையாரின் கவலை புரியும்.

இரண்டாவது, உங்கள் குரலிலேயே பேசுங்கள். கிள்ளானிலும் ஈப்போவிலும் வளர்ந்த பிள்ளைகள், மேடை ஏறியதும் தொலைக்காட்சியில் பார்த்த தமிழ்நாட்டுப் பிரசங்கியாரைப் போல் இழுத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். நம் மக்களுக்கு நம் ஊர்த் தமிழ் போதும்; அது பிழையில்லாமல் இருந்தால் சரி.

மூன்றாவது, பக்கத்து வீட்டாரை அறிந்துகொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் கிறிஸ்துவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே. அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களின் திருமணத்திலும் துக்கத்திலும் நீங்கள் நிற்க வேண்டிவரும். பிறர் நம்பிக்கையைப் பழித்துப் பேசி ஒருவரைச் சபைக்கு இழுப்பதைவிட, ஒரு குடும்பத்தைப் பிரிக்காமல் காப்பது பெரிய ஊழியம்.

நான்காவது, உங்களால் ஆகாததை ஆகாது என்று சொல்லப் பழகுங்கள். தூக்கமின்றித் தவிப்பவருக்கும் உயிரை விட எண்ணுபவருக்கும் செபம் செய்யுங்கள். அன்றே மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மனநோயைப் பேய் என்று சொல்லிக் காலத்தைக் கடத்தினால் போவது ஓர் உயிர். அடையாள அட்டை இல்லாத பிள்ளை, குண்டர் கும்பலில் சிக்கிய பையன், கணவனிடம் அடிபடும் பெண் ஆகியோரெல்லாம் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் பாரம் நிரப்ப வேண்டும் என்பதை அறிந்து வைத்திருப்பதும் ஆயருக்குரிய படிப்புத்தான். காணிக்கைப் பணத்தை ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள்.

இந்த மலரைப் படிப்போரில் பெரும்பாலோர் கிறிஸ்துவர் அல்லர் என்பதை அறிவேன். பிறகு ஏன் இதை இங்கு எழுத வேண்டும்? பாட்டி முதல் பேத்திவரை ஒரே கூடத்தில் உட்கார்ந்து, வாரந்தோறும் அரைமணி நேரம் தொடர்ந்து தமிழ்ப் பேச்சைக் கேட்கும் இடங்கள் இந்நாட்டில் மிகச் சில. தமிழ்ச் சபையின் மேடை அவற்றில் ஒன்று. அங்கே தமிழ் தடுமாறினால் இழப்பு சபைக்கு மட்டுமன்று, நம் எல்லாருக்கும்தான்.

ஆகவே, இறையியல் கல்லூரிக்குப் பெட்டி கட்டும் தம்பி தங்கையரே, பெட்டியில் ஒரு தமிழ் அகராதியையும் வையுங்கள். இன்றிரவே திருமறையில் ஒரு பக்கத்தைத் தமிழ் எழுத்தில் வாய்விட்டு வாசியுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பிழை வந்தால் அவரே திருத்துவார்.