ஐந்தாவது நாள் வீண் நாள் அல்ல

டெஸ்ட் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு தீர்ப்பு ஊரெங்கும் உலவுகிறது. ஐந்து நாள் ஆடுகிறார்கள், பாதி நேரம் மட்டையை நீட்டித் தடுத்துக்கொண்டே நிற்கிறார்கள், கடைசியில் டிரா என்று கைகுலுக்கிவிட்டுப் போகிறார்கள். இதை உட்கார்ந்து பார்க்க இன்று யாருக்குப் பொறுமை இருக்கிறது? 20 ஓவர் ஆட்டத்தில் இல்லாத எது இதில் இருக்கிறது? டீக்கடையில் பேசுகிறவர்கள் மட்டுமல்ல, கிரிக்கெட்டை நிர்வகிக்கிறவர்களில் சிலரும் இதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூட நிற்காது என்பது என் கட்சி.

ஒன்றுமே நடப்பதில்லை என்பது முதல் வாதம். ரன்னும் விக்கெட்டும் மட்டும்தான் நடப்பு என்று வைத்துக்கொண்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் டெஸ்டில் ரன் வராத பந்தும் எதையாவது மாற்றிவிட்டுத்தான் போகிறது. பந்து தரையில் படப்படத் தேய்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள், மறுபக்கம் சொரசொரப்பாகிறது. காலையில் வெளியே போய்க்கொண்டிருந்த பந்து மதியத்துக்கு மேல் உள்ளே வளைய ஆரம்பிக்கிறது. 80 ஓவர் முடிந்தால் புதுப் பந்து எடுக்கலாம் என்பதால், 75-வது ஓவரிலேயே இரு அணிகளின் கணக்கும் மாறிவிடுகிறது. வேகப்பந்து வீச்சாளர்கள் வீசிவிட்டுக் கால் ஊன்றும் இடத்தில் ஷூ ஆணிகள் குத்திக் குத்தி மண் பெயர்கிறது. முதல் நாள் யாரும் கவனிக்காத அந்தப் பெயர்ந்த மண்தான் நான்காம் நாள் ஆட்டத்தை முடிவு செய்கிறது.

2001 மார்ச்சில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் ஷேன் வார்ன் அந்த மண்ணைத்தான் நம்பினார். ஆஸ்திரேலியாவைவிட 274 ரன் பின்தங்கி ஃபாலோ ஆன் ஆடிக்கொண்டிருந்தது இந்தியா. லெக் ஸ்டம்புக்கு வெளியே பெயர்ந்து கிடந்த இடத்தில் பந்தை விழவைத்தார் வார்ன். அங்கே விழுந்து கூர்மையாக ஆஃப் பக்கம் திரும்பும் பந்தைக் காலைப் போட்டுத் தடுத்துவிட்டு அடுத்த பந்துக்குக் காத்திருப்பதுதான் பாடம். லக்ஷ்மண் இறங்கி வந்தார். பந்து திரும்பும் திசைக்கு நேர் எதிராக, மணிக்கட்டை மடக்கி மிட் விக்கெட் பக்கம் அடித்தார். அங்கே ஆளை நிறுத்தியதும், அதேபோல் விழுந்த பந்துக்கு லெக் பக்கம் ஓரடி விலகி, கவர் வழியாக அனுப்பினார். ஒரே இடத்தில் விழும் பந்துக்கு எதிரெதிர்த் திசையில் இரண்டு அடிகள். உலகின் தலைசிறந்த லெக் ஸ்பின்னருக்கு எந்த இடத்தில் ஆளை நிறுத்துவது என்றே தெரியாமல் போனது. நான்காம் நாள் முழுக்க லக்ஷ்மணும் டிராவிடும் ஆட்டமிழக்காமல் நின்று 335 ரன் சேர்த்தார்கள். விக்கெட் விழாத நாள் அது. ஒன்றும் நடக்கவில்லை என்று அந்த நாளைப் பார்த்த யாராவது சொல்வார்களா? மறுநாள் 171 ரன் வித்தியாசத்தில் இந்தியா வென்றது. அந்த வெற்றி என்றைக்கும் பேசப்படும். ஆனால் எனக்கு அந்த மணிக்கட்டுதான் முதலில் கண்ணுக்குள் வரும்.

அழகு என்று பேச்சு வந்தால் சேப்பாக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1975 ஜனவரி, பொங்கல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில், இந்தியா மொத்தம் எடுத்ததே 190. அதில் ஆட்டமிழக்காமல் 97 ரன் குண்டப்பா விஸ்வநாத்துடையது. எதிர்முனையில் ஆள் மாறிக்கொண்டே இருக்க, குள்ளமான அந்த மனிதர் ராபர்ட்ஸின் வேகத்தையே கடனாக வாங்கி ஸ்கொயர் கட் அடித்தார். அதைவிடப் பெரிய சதங்களை ஆயிரம் பேர் அடித்திருக்கலாம். மூன்று ரன் குறைந்த அந்த 97-ஐச் சென்னைக்காரர்கள் தலைமுறை தாண்டியும் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம், மற்றவர்களுக்கு நிற்கவே முடியாத இடத்தில் அவர் அழகாக நின்றார் என்பதுதான்.

டிரா என்றால் முடிவே இல்லை என்பது அடுத்த வாதம். எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்.

2021 ஜனவரி 11, சிட்னி. இந்தியாவுக்கு இலக்கு 407. மூன்று வாரம் முன்புதான் அடிலெய்டில் இதே அணி 36 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. மெல்போர்னில் எழுந்து நின்று தொடரைச் சமன் செய்திருந்தது. ஐந்தாம் நாள் ரிஷப் பந்த் 97 ரன் விளாசியபோது ஜெயித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பந்தும் போனார், 77 ரன் எடுத்த புஜாராவும் போனார். ஜடேஜாவின் கட்டை விரல் உடைந்திருந்தது. ஹனுமா விஹாரிக்கு ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அந்த நிலையில் உள்ளே வந்த அஸ்வினுக்கோ, காலையில் குனிந்து ஷூ லேஸ் கட்டவே முடியாத அளவுக்கு முதுகுவலி. ஒருவர் ஓட முடியாது, இன்னொருவர் குனிய முடியாது. எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசல்வுட், லயன்.

42 ஓவர்களுக்கு மேல் இருவரும் நின்றார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. கம்மின்ஸின் பந்துகள் அஸ்வினின் விலாவிலும் தோளிலும் விழுந்தன. ஓவருக்கு ஓவர் இருவரும் நடுவில் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். ஸ்டம்ப் மைக் வழியாகத் தமிழ் கேட்டது. கீப்பர் டிம் பெய்ன் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து வாயாலேயே அஸ்வினைச் சீண்டிக்கொண்டிருந்தார். அதே பெய்ன் சற்று நேரத்தில் விஹாரியின் கேட்சை நழுவவிட்டார். பொழுது சாயும்போது இந்தியா 5 விக்கெட்டுக்கு 334. அட்டவணையில் டிரா என்று ஒற்றைச் சொல்.

முடிவில்லை என்றா சொல்கிறீர்கள்? அந்த ஒற்றைச் சொல் இல்லாமல் பிரிஸ்பேன் இல்லை. சிட்னியில் தோற்றிருந்தால், அடுத்த ஆட்டத்தில் என்ன செய்திருந்தாலும் தொடரை வென்றிருக்க முடியாது. எட்டு நாள் கழித்து, 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா ஒரு டெஸ்டும் தோற்றிராத காபா மைதானத்தில், 328 ரன்னைத் துரத்தி இந்தியா வென்றது. முன்னணிப் பந்துவீச்சாளர்கள் எல்லாரும் காயத்தில் கிடந்ததால்தான், வலைப்பயிற்சியில் பந்து போடத் தங்கவைக்கப்பட்டிருந்த வாஷிங்டன் சுந்தருக்கும் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கும் அங்கே முதல் டெஸ்ட் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் இருவரும் மும்மூன்று விக்கெட் எடுத்தார்கள். 6 விக்கெட்டுக்கு 186 என்று கிடந்த இந்தியாவை சுந்தரும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்து மீட்டார்கள். கடைசி நாளில் புஜாரா விரலிலும் விலாவிலும் ஹெல்மெட்டிலும் அடி வாங்கிக்கொண்டு 211 பந்து ஆடி 56 எடுத்தார். அந்தப் பொறுமையின் மேல் ஏறி நின்றுதான் பந்த் ஆட்டமிழக்காமல் 89 எடுத்து முடித்துவைத்தார். பல விளையாட்டுகளில் ஜெயிக்க வழியில்லாதவன் தோற்றுத்தான் ஆகவேண்டும். வெல்ல முடியாவிட்டாலும் தோற்க மாட்டேன் என்று நாள் முழுக்க நின்று சாதிக்க இடம் தருவது டெஸ்ட். அந்த இடத்தைக் குறை என்று சொல்வது விளையாட்டையே புரிந்துகொள்ளாததுதான்.

பரபரப்புக்கு 20 ஓவர் ஆட்டம்தான் என்கிறார்கள். அதில் பரபரப்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2024 ஜூன் 29 அன்று பார்படோஸில், 20 ஓவர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரின் முதல் பந்தில் மில்லர் தூக்கி அடித்ததை, எல்லைக்கோட்டில் உள்ளே வெளியே என்று தாவி சூர்யகுமார் பிடித்தபோது துள்ளிக் குதித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 120 பந்துக்கு 10 விக்கெட் கையில் இருக்கும் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டின் விலை 12 பந்து. அடித்துப் பார்த்து அவுட் ஆனால் அடுத்தவர் வந்து அடிப்பார். பந்துவீச்சாளருக்கும் 4 ஓவர்தான். ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கும் முன்பே பிரிந்துவிடுகிறார்கள். டெஸ்டில் விக்கெட் போனால் அதோடு பல மணி நேர உழைப்பு போகிறது. பரபரப்பின் எடை அங்கிருந்துதான் வருகிறது.

1999 ஜனவரி 31. மறுபடியும் சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. இந்தியா 5 விக்கெட்டுக்கு 82. சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் கட்டி எழுப்பினார்கள். சச்சினுக்கு முதுகு பிடித்துக்கொண்டது; ஒவ்வொரு ஷாட்டுக்குப் பின்னும் முகம் கோணியது. வலி தாங்காமல் அடித்து முடித்துவிடப் பார்த்தார். சக்லைன் முஷ்டாக்கின் பந்து மட்டையில் சரியாகப் படாமல் மேலே எழும்பியது. வாசிம் அக்ரம் பிடித்தார். 136 ரன். இன்னும் 17 ரன் வேண்டும், 3 விக்கெட் இருக்கிறது. நான்கே ரன்னில் எல்லாம் முடிந்தது. 12 ரன்னில் தோல்வி. சற்று நேரம் மைதானமே உறைந்து கிடந்தது. பிறகு பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது, சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான்கு நாள் கூடவே இருந்து, இரண்டு பக்கமும் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த கூட்டத்துக்குத்தான் அந்தக் கைதட்டல் வரும். சக்லைன் அந்த ஆட்டத்தில் 10 விக்கெட் எடுத்தது எப்படி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து நாள் ஒதுக்க யாருக்கு நேரம் என்ற கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. டெஸ்ட் யாரையும் ஐந்து நாள் கட்டிப்போட்டதில்லை. வானொலிக் காலத்தில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக்கொண்டே கடை நடத்தினார்கள், நெசவு நெய்தார்கள், வண்டி ஓட்டினார்கள். இன்று கைப்பேசி இருக்கிறது. மதிய உணவுக்கு முன் என்ன ஸ்கோர், தேநீர் இடைவேளைக்குப் பின் யார் வீசுகிறார் என்று அன்றாட வேலையோடு சேர்ந்தே ஓடக்கூடிய விளையாட்டு அது ஒன்றுதான்.

பார்க்க ஆளில்லை என்பதும் பாதி உண்மைகூட இல்லை. 2024 டிசம்பரில் மெல்போர்னில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டுக்கு ஐந்து நாளில் வந்தவர்கள் 3,73,691 பேர். அந்த மைதானத்தின் டெஸ்ட் வரலாற்றில் அதுவே அதிகம். இங்கிலாந்தில் டிக்கெட் கிடைப்பதே கஷ்டம். நம் நாட்டில் காலி இருக்கைகள் தெரிகின்றன என்றால், வெயிலில் நாள் முழுக்க உட்காரப்போகிறவனுக்கு நிழலும் தண்ணீரும் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். டெஸ்டுக்கென்று ஐந்து மைதானங்களை நிலையாக வைத்துக்கொள்ளலாம் என்று 2019-இல் கேப்டனாக இருந்த கோலியே சொன்னார். எந்த ஊரில் எப்போது ஆட்டம் என்று ரசிகனுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தானே, பொங்கல் டெஸ்ட் போல ஒரு பழக்கம் உருவாகும்?

பணம் வேறு பக்கம் போகிறது என்பது மட்டும் மறுக்க முடியாதது. 2024 பிப்ரவரியில், உள்நாட்டு 20 ஓவர் லீக் நடக்கிறது என்பதற்காக, தென்னாப்பிரிக்கா தன் முன்னணி வீரர்களை விட்டுவிட்டு, அதுவரை ஒரு டெஸ்ட்கூட ஆடாத ஒருவரைக் கேப்டனாக்கி நியூசிலாந்துக்கு அனுப்பியது. ஆனால் இதை ரசிகனின் அலுப்புக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். அதற்கு முந்தைய மாதம் காபாவில் நடந்ததைப் பாருங்கள். கயானாவில் ஆற்று வழியே படகில் மட்டும் போகக்கூடிய பராகாரா என்ற சிற்றூரிலிருந்து வந்தவர் ஷமார் ஜோசப். சில காலம் முன்பு வரை காவலாளி வேலை பார்த்தவர். ஸ்டார்க்கின் யார்க்கர் கால் விரலை நசுக்கி அவரை வெளியே அனுப்பியது. மறுநாள் அதே காலை ஊன்றி ஓடி வந்து 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். 91 ரன்னோடு ஸ்டீவ் ஸ்மித் மறுமுனையில் நிற்க, கடைசியில் ஹேசல்வுட்டின் ஸ்டம்ப் பறந்தது. 8 ரன்னில் வெற்றி. ஆஸ்திரேலிய மண்ணில் மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் வென்றது 1997-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட் எங்கே என்று உலகமே கேட்டது. அட்டவணையில் இரண்டுதான் இருந்தன. இந்தப் பசியைத் தீர்க்காதவர்கள் யாரென்றால், அட்டவணை போட்டவர்கள்.

கடைசியாக வருவது, டெஸ்டை நான்கு நாளாகக் குறைத்துவிடலாம் என்ற யோசனை. டிராவைக் குறை சொல்கிறவர்களே இதையும் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. 1986 செப்டம்பரில், டீன் ஜோன்ஸ் சேப்பாக்கத்து வெக்கையில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்த அந்த ஆட்டம், மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆகி ‘டை’ ஆனது ஐந்தாம் நாள் கடைசி ஓவரில், ஒரு பந்து மிச்சமிருக்கும்போது. டெஸ்ட் வரலாற்றில் டை ஆன ஆட்டங்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று இது. கொல்கத்தா முடிந்ததும் ஐந்தாம் நாள். பிரிஸ்பேனும் அப்படியே. 2025 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் 374 ரன்னைத் துரத்திய இங்கிலாந்து, நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சக் குறைவாலும் மழையாலும் ஆட்டம் நின்றபோது 6 விக்கெட்டுக்கு 339. மறுநாள் காலை, ஐந்து டெஸ்டுகளிலும் ஓயாமல் ஆடி தொடர் முழுக்க 185 ஓவருக்கு மேல் வீசிய சிராஜ், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விக்கெட் சாய்த்தார். தோள் கழன்று கையைக் கட்டுப்போட்டு ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு வோக்ஸ் மறுமுனையில் நின்றார். அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்தது யார்க்கர். 6 ரன்னில் இந்தியா வென்றது, தொடர் 2-2. டெஸ்டுக்கு நான்கு நாள்தான் என்று விதி இருந்திருந்தால், அந்த ஆட்டம் 35 ரன்னும் 4 விக்கெட்டும் மிச்சமிருக்க ஞாயிறு மாலையே டிரா ஆகியிருக்கும்.