அகலத் திரையில் கொழுத்துப்போன ‘ழ’

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பழைய கொமியூனிக்கேஷனுக்குள்ள போய், தமிழில ஒரு கடிதம் ரைப் பண்ணக் குடுத்துப் பாருங்கோ. மெஷின் பதினைந்து வருசத்துக்கு முந்தினது, மொனிட்டர் மட்டும் புதுசு. ‘ழ’வும் ‘ண’வும் வயிறு ஊதி, சுழி கலங்கி நிற்கும். ரைப் பண்ணுறவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்வார். ஏன் இப்படியெண்டு கடையில கேட்டா ஒரே பதில்: “மெஷின் பழசு, புதுசு எடுங்கோ.”

இந்தப் பதிலோடதான் எங்களுக்குச் சண்டை.

பழைய மெஷின் 1024×768 எண்ட படத்தை அனுப்புது. அது 4:3. புது மொனிட்டர் 16:9. படத்தை முழுத்திரைக்கும் இழுத்து விட்டா ஒவ்வொரு எழுத்தும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். மெஷினுக்குச் சக்தி இல்லை எண்டு இதுக்குப் பெயர் வைக்கிறது சரியில்லை. பழைய பலகைகளில் நிறையக் காணப்படுகிற இன்ரல் 945ஜி சிப்பே விஜிஏ வழியில 2048×1536 வரைக்கும் காட்டக்கூடியது. அப்போ தடை எங்க? பெரும்பாலும் ட்ரைவரில். விண்டோஸைத் திரும்பப் போட்டுக் குடுக்கிறவர்கள் கிராஃபிக்ஸ் ட்ரைவரைப் போடாம விட்டா, கொம்பியூட்டருக்குத் தெரிந்த அளவுகள் பழைய நாலைந்துதான்.

அடுத்த சந்தேகம் வயரில். மொனிட்டர் தன்னுடைய அளவு என்ன எண்டு விஜிஏ வயருக்குள்ளாலதான் கொம்பியூட்டருக்குச் சொல்லுது. அதுக்கெண்டே தனி ஊசிகள் இருக்கு. மலிவு வயரில அந்த இணைப்பு இல்லாட்டி மெஷின் குருட்டுக்கணக்கில 800×600 க்கோ 1024×768 க்கோ போயிடும். (பதினைந்து ஊசியில நடுவில ஒண்டு இல்லாம இருந்தா பதற வேண்டாம், ஒன்பதாவது ஊசி இல்லாமலே நிறைய வயர் வருது.) 1366×768 மொனிட்டருக்கு இன்னொரு குழப்பம்: 1366 எட்டால வகுபடாது, பழைய ட்ரைவர் பலதுக்கு அது ஒத்துவராது. 1360×768 எண்டு வைத்தா ஓரத்தில ஆறு புள்ளிதான் போகும், ஒருத்தருக்கும் தெரியாது.

ஒண்டும் சரிவராட்டி, மொனிட்டரின் மெனுவுக்குள்ள 4:3 எண்ட தெரிவு இருக்கா பாருங்கோ. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி வரும், எழுத்து திரும்ப எழுத்தாகும். கறுப்புப் பட்டியை வீணாப்போன இடம் எண்டு நினைக்கிறவர்களுக்கு: ஊதிப்போன ‘ழ’வை நாள் முழுக்கப் பார்க்கிறதை விட அது மேல்.

எச்டிஎம்ஐ மட்டுமுள்ள மொனிட்டர் வாங்கினவர்கள் ஒண்டைக் கவனிக்க வேணும். கடையில தொங்குகிற சின்ன அடப்டர் அநேகமா எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுறது. எங்களுக்குத் தேவை அதற்கு எதிர்ப்பக்கம், யூஎஸ்பியில மின்சாரம் எடுக்கிற விஜிஏ–எச்டிஎம்ஐ கன்வேர்ட்டர். புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ கேட்கும்போது எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் எண்டு வாய்திறந்து சொல்லுங்கோ.

இதெல்லாம் ஒரு பழைய பெட்டிக்காகவா எண்டு கேட்கலாம். 2022 இல ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்குப் போனதை மறக்க முடியுமா? களனியில படிக்கிற பிள்ளைக்கு ஆய்வுக் கட்டுரை ரைப் பண்ணுறதுக்குப் புது மெஷின் எதுக்கு? அதைவிட, இந்தப் பெட்டிகளுக்குள்ளதான் எங்கட பாமினி எழுத்துருக் கோப்புகளும் பேஜ்மேக்கரில செய்த மலர்களும் கிடக்குது. யுனிகோடுக்கு மாற்றாமல் பெட்டியை இரும்புக்கடைக்குக் குடுத்தா அந்த மலர்களும் சேர்ந்துதான் போகும்.

எல்லாத்தையும் காப்பாற்றச் சொல்லவும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 ஓட பாதுகாப்பு நிண்டுபோச்சு. அந்த மெஷினில வங்கிக் கணக்கைத் திறக்கிறது மடத்தனம். இணையத்தைக் கழற்றிவிட்டு எழுதுறதுக்கு மட்டும் வைக்கலாம், இல்லாட்டி லினக்ஸ் போடலாம். கெப்பாசிற்றர் ஊதின பலகையை விட்டுவிடத்தான் வேணும்.

ஆனால் மெஷின் செத்துப்போச்சா, படம் மட்டும் இழுபட்டிருக்கா எண்டு பார்த்துச் சொல்லுறது கடைக்காரரின் வேலை. விண்டோஸ் 10 க்கும் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சுது. “பழசு, புதுசு எடுங்கோ” எண்டு அடுத்த வரிசை மெஷின்களுக்கும் சொல்லத் தொடங்கியாச்சு. காசை எடுக்கிறதுக்கு முதல், “ட்ரைவர் போட்டுப் பார்த்தீங்களா அண்ணை? வயரை மாத்திப் பார்த்தீங்களா?” எண்டு கேளுங்கோ.