இரவில் அடிக்கும் தொலைபேசி

இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தால் எங்கள் வீடுகளில் முதலில் வரும் நினைப்பு ஊர்தான். யாருக்கு என்னவோ என்று பதறித்தான் எழும்புவோம். கொலோனில் எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டு வருடமாக அந்த மணி ஊரிலிருந்து அடிக்கவில்லை. மகன் மென்பொருள் எழுதிக் கொடுத்த இடத்தின் சேவர் நின்றுபோனால் அடிக்கிறது. ஆனால் தாய் இன்னமும் ஒவ்வொரு முறையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புகிறார்.

பொடியன் தனியாள். சம்பளத்துக்கு நிற்பவர் அல்ல. வேலையை எடுத்துச் செய்து, பில் எழுதிக் காசு வாங்குபவர். மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஓர் இடத்துக்கு ஓடர் எடுக்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது "பிறகு ஏதும் எண்டால் நான் பாக்கிறன்" என்ற கருத்துப்பட வாயால் சொல்லிவிட்டார். நாமெல்லாம் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள்தானே! அந்தச் சொல்லுக்கு எல்லையே இல்லாமல் போய்விட்டது. கார்னிவால் திங்கட்கிழமை நகரமே தெருவில் நிற்க, இவர் அறைக்குள் சேவரோடு மல்லுக்கட்டினார்.

சேவர் என்பது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணனி. எல்லாருடைய ஓடரும் கணக்கும் அதற்குள்தான். அதைக் காவல் காக்கும் வேலையை வேறு ஆட்களிடம் கொடுக்கலாமா என்று தம்பி எம்மிடம் கேட்டார். கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும் என்றோம். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கணனியை வாடகைக்குத் தரும் நிறுவனம் மின்சாரத்தையும் இணைப்பையும் இயந்திரத்தையும் பார்க்கும். உள்ளே இருப்பதைப் பெரும்பாலும் பார்க்காது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில், எங்கள் ரைன் நதிக்கரையிலேயே, ஓவிஎச் நிறுவனத்தின் சேவர் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. பிரதியையும் அதே இடத்தில் வைத்திருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். இந்தப் பாடம் கொலோன்காரருக்குப் புதிதல்ல. 2009 மார்ச் 3 அன்று, நிலக்கீழ் ரயில்பாதை வேலை நடந்துகொண்டிருந்தபோது, செவரின் வீதியில் நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். பழைய ஏடுகளில் ஒரு பகுதியின் படச்சுருள் பிரதிகள் ஃப்ரைபூர்க் பக்கம் ஒரு சுரங்கத்தில் பத்திரமாக இருந்தன.

கூடுதல் காசு கொடுத்தால், சேவரின் உள்ளேயும் பார்த்து, இரவில் விழித்திருந்து, நின்றதை மீண்டும் ஓடவைக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் தம்பி எழுதிய மென்பொருள் அவர்களுக்கு விளங்காது. ஆகவே என்ன நின்றால் என்ன செய்வது, எதைத் தொடக்கூடாது, எப்போது தன்னை எழுப்புவது என்று சமையல் குறிப்புப் போல எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான், அரைவாசிக்கு மேல் தன் தலைக்குள் மட்டுமே இருந்தது தெரிந்தது என்று தம்பி சொன்னார்.

அவருக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. "அண்ணை, மச்சான் யாழ்ப்பாணத்திலை இதுதானே படிச்சவன். இஞ்சை ரெண்டு மணி எண்டால் அங்கை விடிஞ்சிடும்." உண்மைதான். மாரியில் அங்கே காலை ஆறரை, கோடையில் ஐந்தரை. அந்தக் காசு ஊருக்குப் போகட்டும் என்ற ஆசை எமக்கும் உண்டு. ஆனால் சேவருக்குள் வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் கிடக்கின்றன. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, யாழ்ப்பாணத்தில் இருந்து அதைத் திறந்து பார்ப்பதே வெளிநாட்டுக்கு அனுப்பியது போலத்தான். இலங்கை 2022இல் தனக்கொரு சட்டம் நிறைவேற்றியது என்றாலும், போதிய பாதுகாப்பு உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற நாடுகளின் பட்டியலில் அது இல்லை. அதற்கென்றுள்ள ஒப்பந்தம் போட வேண்டும். அதற்கு முன், வேலை தந்தவரின் எழுத்து மூலச் சம்மதமும் வேண்டும். சொந்தக்காரன் என்பது சட்டத்துக்குத் தெரியாது.

வரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மச்சான் 200 யூரோவுக்குப் பில் அனுப்பினால், அதற்குரிய 19 சதவீத விற்பனை வரியான 38 யூரோவை இங்கே தம்பிதான் பினான்ஸ்அம்டுக்கு அறிவிக்க வேண்டும். வழமையாக விற்பனை வரி கட்டுபவர் அதே படிவத்தில் கழித்துக்கொள்ளலாம். சிறுதொழில் விலக்கில் இருப்பவர் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். இது தெரியாமல் பின்னால் மாட்டுப்படுவோர் பலர்.

அடுத்தவர் விட்ட பிழைக்கும், எம்மிடம் வேலை தந்தவருக்கு முன்னால் நாமே பொறுப்பு. ஜேர்மன் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. தொழில் பொறுப்புக் காப்புறுதி எடுக்கும்போது, வேறு ஆட்களிடம் கொடுத்த வேலைக்கும் அது செல்லுமா என்று கேளுங்கள். தன் அறிவால் தானே முன்னின்று நடத்தாமல் வேலையைக் கைமாற்றி மட்டும் விடுபவரை, பிரைபெரூவ்லர் அல்ல, வியாபாரி என்று பினான்ஸ்அம்ட் கொள்ளலாம். அதை முன்கூட்டியே வரி ஆலோசகரிடம் பேசுவது நல்லது.

தம்பி கடைசியில் இரவுக் காவலை ஜேர்மனியில் உள்ள ஒரு நிறுவனத்திடம் கொடுத்தார். பிரதி இன்னொரு நகரத்தில். மச்சானுக்குப் பொய்ப் பெயர்கள் போட்ட ஒரு பரீட்சைச் சேவர். புது மாற்றங்களை அவர் அதில் ஓட்டிப் பார்க்கிறார். மாதக் கட்டணமும் நேரமும் எழுத்தில் வந்தன. மரக்கறிக்காரர் முகம் சுளித்தார், பிறகு ஒப்பமிட்டார். இதை முதல் நாளே கேட்டிருந்தால் அந்தச் சுளிப்பும் இருந்திராது என்பது எமது எண்ணம்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று. உங்கள் வதிவிட அட்டையில் "ஏர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட்" அனுமதிக்கப்பட்டது என்றிருந்தால் சுயதொழிலும் அதற்குள் அடங்கும். "பெஷெஃப்டிகுங்" என்று மட்டும் இருந்தால் அது சம்பள வேலைக்கான அனுமதி. அப்படியானால் முதல் பில்லை எழுதுமுன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.