குளிர்கால வீட்டுத் தீ விபத்துகளைத் தடுக்கக் கோரி நீலகிரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தோட்டக் குடியிருப்போர் நலச் சங்கம்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம்.

பொருள்: தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் – குளிர்காலத் தீ விபத்துகள் – உறைபனி தொடங்கும் முன் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

நம் மாவட்டத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். வீட்டுக்குள் நெருப்பும் மின்சாரமும் அதிகம் புழங்குவது இந்த மாதங்களில்தான். ஆனால் தீத்தடுப்புப் பிரசாரம் எங்கள் பகுதிக்கு வருவது ஏப்ரலில். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அத்தியாகத்தை வணங்குகிறோம். எனினும், மலைவாழ் மக்களுக்கு அந்த அறிவுரை தேவைப்படும் காலம் அதற்குள் கடந்துவிடுகிறது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒரு வீட்டில் பிடிக்கும் தீ அடுத்த வீட்டுக்குத் தாவ அதிக நேரம் ஆகாது. பனிமூட்டத்தில் துணி காயாததால் ஸ்வெட்டரையும் கம்பளியையும் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டி உலர்த்துகிறார்கள். குளிரில் கேஸ் சரியாக வராதபோது சிலிண்டரை அடுப்பருகே நகர்த்தி வைப்பவர்களும் உண்டு. 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பழைய ஒயர் சூடேறி உருகுகிறது. இரவில் கதவு, ஜன்னல்களை அடைத்துக் கரிச்சட்டியை உள்ளே வைத்துத் தூங்குவோருக்குத் தீ ஒருபுறம், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு மறுபுறம் என இரட்டை ஆபத்து.

ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம்:

1. ஆண்டுதோறும் நவம்பர் முதல் வாரத்தில், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மூலம் மலைப்பகுதிக்கெனத் தனித் தீத்தடுப்பு முகாம் நடத்த வேண்டும். கொழுந்து எடை போடும் இடங்களில், வேலை முடியும் நேரத்தில் செயல்விளக்கம் அளித்தால் பெண் தொழிலாளர்களையும் அது சென்றடையும்.

2. நவம்பர் 1 அன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டங்களில் தீத்தடுப்பை ஒரு பொருளாகச் சேர்க்க உத்தரவிட வேண்டும்.

3. குடியிருப்புகளை அமைத்துப் பராமரிப்பது தோட்ட நிர்வாகங்களின் கடமை. பழைய ஒயரிங்கை மாற்றி, வீடுதோறும் எம்.சி.பி., மின்கசிவுத் தடுப்பான், ஹீட்டருக்குத் தனி 15 ஆம்பியர் பிளக் ஆகியவற்றைப் பொருத்தத் தொழிலாளர் துறை வழியே அறிவுறுத்த வேண்டும்.

4. கேஸ் ஏஜென்சிகள் அக்டோபருக்குள் டியூப், ரெகுலேட்டர் ஆகியவற்றைச் சோதித்து, காலாவதியான டியூப்களை மாற்றித் தர ஆவன செய்ய வேண்டும்.

5. தீயணைப்பு வண்டி வர இயலாத குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, அங்கே தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி, தீயணைப்பான் வைக்கவும், இளைஞர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் வேண்டும்.

6. வீடு எரிந்த குடும்பத்துக்கு அன்றே தங்குமிடம், கம்பளி, சமையல் பொருள்கள் வழங்கவும், ரேஷன் கார்டு, ஆதார் நகல்களை ஒரே முகாமில் பெறவும் வழிசெய்ய வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டுக்குப் பெரிய செலவில்லை; தங்கள் உத்தரவே போதும். உறைபனி தொடங்க ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், தீயணைப்பு, மின்வாரியம், தொழிலாளர் துறை அலுவலர்களையும் தோட்ட நிர்வாகங்களையும் அழைத்து இம்மாதத்துக்குள் ஆலோசனைக் கூட்டம் நடத்தித் தருமாறு வேண்டுகிறோம்.

இடம்: குன்னூர்
நாள்: 06.10.2025

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: மாவட்டத் தீயணைப்பு அலுவலர், வருவாய்க் கோட்டாட்சியர், குன்னூர்.