48 மணி நேரத்துக்கு அப்புறம்? விபத்தில் உயிர் தப்பியவர்களின் வலிக்கு யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் அது. எந்த ஊர், எந்த மாநிலம், காப்பீட்டு அட்டை இருக்கா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. 2025 மே மாதம் மத்திய அரசும் இதே வழியில் ஒரு திட்டத்தை அறிவித்தது. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாட்கள், ஒருவருக்கு ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை.

இரண்டுமே உயிரைக் காப்பாற்றுவதற்கான திட்டங்கள், கட்டாயம் தேவையானவை. சரி, 8-வது நாள் காலையில் என்ன நடக்கும்? தொடையில் ராடு, முழங்காலில் பிளேட், கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி. அதன் கடைசி வரியில் ‘பிசியோதெரபி தேவை’ என்று எழுதியிருக்கும். எங்கே, எத்தனை நாள், யார் செலவில் என்று எழுதியிருக்காது.

2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், 4,43,366 பேர் காயமடைந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் எண்ணிக்கை செய்தியாகிறது. காயமடைந்தவர்களில் எத்தனை பேர் பழைய வேலைக்குத் திரும்பினார்கள் என்பது அந்த அட்டவணையில் இல்லை.

எலும்பு கூடிடுச்சு, வலி ஏன் போகல?

அடிபட்ட புதிதில் வரும் வலி ஒரு காவல்காரன் மாதிரி. ‘இங்கே காயம் இருக்கு, அசைக்காதே’ என்று எச்சரிக்கும். காயம் ஆற ஆற இது குறைய வேண்டும். சிலருக்குக் குறைவதில்லை. 3 மாதங்களைத் தாண்டியும் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அதை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு தனியாகவே பட்டியலிடுகிறது.

என்னதான் நடக்கிறது? வலிச் செய்தியைத் தொடர்ந்து கடத்திக்கொண்டே இருக்கும் நரம்புகளும் முதுகுத்தண்டும் மூளையும் மெல்ல மெல்லக் கூர்மையாகிவிடுகின்றன. பூனை ஏறி உட்கார்ந்தாலே அலறும் கார் அலாரம் போல, சின்னத் தொடுதலுக்கும் வலி கிளம்புகிறது. எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கும். உடனே வீட்டில் ஒரு பேச்சு வரும்: “எல்லாம் மனசுலதான்.” அது தவறு. வலி உண்மையானது, அதன் இருப்பிடம்தான் எலும்பிலிருந்து நரம்புக்கு மாறியிருக்கிறது.

முழங்கால் இதற்கு நல்ல உதாரணம். வலிக்கு பயந்து காலை மடக்காமல் வைத்தால் மூட்டு இறுகும். தொடைத் தசை வாரக் கணக்கில்கூட இல்லை, நாள் கணக்கில் மெலியத் தொடங்கும். இறுகிய மூட்டை ஒரு மாதம் கழித்து மடக்கினால் முன்பைவிட அதிகமாக வலிக்கும், அதனால் இன்னும் மடக்க மாட்டார். ஆகவே வலியைக் கட்டுப்படுத்துவதும் உடற்பயிற்சியும் இரண்டு வேலைகள் இல்லை, ஒரே வேலை. வலி அடங்கினால்தான் பயிற்சி செய்ய முடியும், பயிற்சி செய்தால்தான் வலி நிரந்தரமாகக் குறையும். நம் வீடுகளில் பாசம் என்பதே ‘எழுந்திரிக்காதே, நான் எடுத்துத் தரேன்’ என்பதுதான். டாக்டர் நடக்கச் சொன்ன பிறகும் அந்தப் பாசம் தொடர்ந்தால் அது கெடுதல். எப்போது, எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மணிக்கட்டு, கணுக்கால் முறிவுக்குப் பிறகு சிலருக்குக் காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு எரிச்சல் வலி வரும். தோல் பளபளக்கும், நிறம் மாறும், ஒரு கை சூடாகவோ சில்லென்றோ இருக்கும், போர்வை பட்டாலே துடிப்பார்கள். ‘சிஆர்பிஎஸ்’ என்று இதற்குப் பெயர். ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று காத்திருக்கக் கூடாத வகை இது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

மாத்திரை: ஒரு பக்கம் பயம், மறுபக்கம் அலட்சியம்

மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்துகளை 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இறுக்கிப் பிடித்தது. பல மருத்துவமனைகள் உரிமம், பதிவேடு தொல்லைக்கு அஞ்சி அவற்றை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் திருத்தம் வந்து, மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட 6 மருந்துகளுக்கு நாடு முழுக்க ஒரே விதி என்று எளிதாக்கப்பட்டது. சட்டம் மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. 2018-ல் டிரமடாலும் அதே சட்டத்துக்குள் வந்தது. வலி மாத்திரைகளைப் போதைக்காக விற்றதாகக் கைது என்ற செய்தி நம் ஊரில் அடிக்கடி வருகிறது, அந்தக் கண்காணிப்பு நியாயமானதே. ஆனால் ஆபரேஷன் முடிந்து முதல் சில நாட்கள், டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கப்படும் அளவான மருந்தை ‘அடிமையாயிடுவோம்’ என்று மறுப்பதும் வலியைப் பொறுத்துக்கொள்வதை வீரமாக நினைப்பதும் நரம்பைக் கூர்மையாக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

மறுபக்கம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக். வாரக் கணக்கில் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்துக்கு ஆபத்து. இன்னொரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: இந்த மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். அதோடு தனியாகவும் பாராசிட்டமால் போட்டால், பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவான 4 கிராமைத் தெரியாமலே தாண்டிவிடலாம். அடிபடுவது கல்லீரல். நரம்பு வலிக்கு கேபாபென்டின், பிரிகாபலின் என வேறு வகை மருந்துகள் உண்டு. அங்கே சாதாரண வலி மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பெரிய பயனில்லை.

வழி இருக்கு, வழிகாட்டிதான் இல்லை

மறுவாழ்வு மருத்துவம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. வேலூர் சிஎம்சியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சிஎம்சியில் அந்தத் துறையை வளர்த்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனும் கடற்படைத் தேர்வின்போது முதுகுத்தண்டு அடிபட்டவர்தான். சென்னை கே.கே.நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் சேவையும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு இது தெரிவதில்லை. உயிர் காக்கும் திட்டத்தையும் வீடு தேடி வரும் பிசியோதெரபியையும் இணைக்கும் ஒரு தாள், ஒரு போன் அழைப்புகூடப் பெரும்பாலும் இல்லை. தனியாரில் ஒரு சிட்டிங்குக்குச் சில நூறு ரூபாய், ஆட்டோ செலவு வேறு. மூணாவது வாரம் நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில், புதிதாக ஒரு திட்டம் அறிவிப்பதைவிட, டிஸ்சார்ஜ் நாளிலேயே நோயாளியின் பெயரை அவருடைய பகுதி சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கம்பெனி இன்சூரன்ஸ் இருப்பவர்கள் பாலிசியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. பிசியோதெரபிக்கு டாக்டரின் எழுத்துப்பூர்வமான பரிந்துரை கேட்பார்கள். ரூ.21,000-க்குள் சம்பளம் வாங்கி இஎஸ்ஐ-யில் இருப்பவருக்கு, வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் பணிக்காயமாக ஏற்கப்படலாம். அப்படி ஏற்றால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90% வரை கிடைக்கும். அரசு ஊழியரைப் பணிக்காலத்தில் வந்த ஊனத்துக்காக நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தனியார் ஊழியருக்கு அந்தப் பிரிவின் பாதுகாப்பு இல்லை.

இழப்பீட்டு வழக்கில்தான் இந்த பில்களின் மதிப்பு தெரியும். ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இடது கையை இழந்தவர் ஓட்டுநர் அல்லது தச்சர் என்றால் வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையானது, எழுத்தர் என்றால் அப்படி இல்லை. எனவே சான்றிதழில் ‘15%’ என்று இருந்தாலும், 8 மணி நேரம் நின்று வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்தக் கால் வலி எதைப் பறித்தது என்பதைக் காட்ட வேண்டும். காட்டுவதற்குப் பிசியோதெரபி ரசீதுகள், வலி சிகிச்சைச் சீட்டுகள், விடுப்புக் கடிதங்கள் கையில் இருக்க வேண்டும். விபத்து நடந்து 6 மாதங்களுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்று 2019 சட்டத் திருத்தம் கெடு வைத்திருக்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடந்தாலும், வலி குறையட்டும் என்று காத்திருக்காமல் அதற்குள்ளேயே மனு போட்டுவிடுங்கள்.